இரண்டு தட்டு

நல்ல சிவப்புத் துணி முதல் துவைப்பில் கொஞ்சம் சாயம் விடத்தான் செய்யும், அம்மணி. துணிக்கடைக்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்த விஷயம் இது. வாங்க வருகிறவர்களிடம் மட்டும் சொல்வதில்லை. திருவிழாவுக்கு முந்தைய வாரம் ஒல்காராவில் என் கடையில் நிற்க இடம் இருக்காது. வெள்ளைச் சட்டை, வெள்ளைக் கால்சட்டை, இடுப்புக்குச் சிவப்புக் கச்சை, கழுத்துக்குச் சிவப்புத் துண்டு என்று ஊரே வந்து மொய்க்கும். அந்த நெரிசலுக்கு நடுவே ஒருவன் நின்றுகொண்டு, "இதைத் தனியாத் துவைங்கம்மா, இல்லேன்னா சட்டையெல்லாம் ரோஸ் கலராயிடும்" என்று என் வாடிக்கையாளர்களுக்கு யோசனை சொல்லிக்கொண்டிருந்தால் எப்படி இருக்கும். கெட்ட எண்ணத்தில் சொல்கிறவனாக இருந்தால் வெளியே போகச் சொல்லலாம். லியாந்த்ரோவுக்குக் கெட்ட எண்ணமே வராது. அதுதான் அவனிடம் இருந்த பெரிய தொந்தரவு.

அவனுக்கு மாகாணத்தில் வீரப் பதக்கம் கொடுக்கப்போகிறார்கள், அவன் காப்பாற்றிய எலாடியோ நான், ஆகவே நடந்ததை என் வாயால் சொல்லிக் கையெழுத்துப் போட வேண்டும் என்று கூப்பிட்டிருக்கிறீர்கள். சொல்கிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள். ஒரு முழத் துணிக்கு ஒன்பது முழம் பேசிப் பழகிய வாய் இது.

லியாந்த்ரோ என் கடைக்கு எதிரே மிளகாய் சுட்டு விற்றான். சிவப்புக் குடமிளகாயை விறகுத் தீயில் தோல் கருகச் சுட்டு, உரித்து, ஜாடியில் அடைக்கிற வேலை. செப்டம்பர் வந்தால் என் கடையில் இருக்கிற கம்பளிச் சரக்கெல்லாம் அவன் புகையில் மணக்கும். நல்ல சரக்குத்தான், குறை சொல்ல முடியாது. ஆனால் வாங்க வருகிறவர்களிடம், "இது நேத்து சுட்டது. நாளைக்குப் புதுசு வருது, அப்ப வாங்களேன்" என்பான். சந்தையில் பொய் சொல்லாத ஒருவன் வந்து உட்கார்ந்துவிட்டால் மற்றவர்கள் எல்லோரும் பொய்யர்கள் என்று ஆகிவிடுகிறது. அவன் வரும்வரை நாங்கள் வெறும் வியாபாரிகளாகத்தான் இருந்தோம்.

நாங்கள் நண்பர்கள். முஸ் சீட்டாட்டத்தில் நானும் அவனும் ஜோடி. அந்த ஆட்டத்தில் ஜோடிக்காரர்கள் உதட்டைக் கடித்தும் கண்ணைச் சிமிட்டியும் கையில் என்ன சீட்டு இருக்கிறது என்று ஒருவருக்கொருவர் காட்டிக்கொள்ளலாம். அது விதியிலேயே உண்டு. பொய்ச் சைகை காட்டுவதுதான் குற்றம். நான் உதட்டைக் கடித்தால் லியாந்த்ரோ கண்ணை மூடிக்கொண்டு பந்தயத்தை ஏற்றுவான். ஒருநாளும் நான் அவனை ஏமாற்றியதில்லை. ஜோடியை ஏமாற்றினால் தோற்பது நானும்தானே.

விழாக் காலைகளில் தெருவில் காளைகளை அவிழ்த்துவிட்டு, அவற்றுக்கு முன்னால் ஆட்கள் ஓடுகிற காளை ஓட்டத்தில் அவன் ஓடுவான், நான் ஓடமாட்டேன். எனக்கு மூட்டு சரியில்லை என்பது ஊருக்குச் சொல்கிற காரணம். பயம் என்பது மூட்டுக்குச் சொல்கிற காரணம். அவன் கொம்புகளுக்கு முன்னால் ஒரு கை தூரத்தில், ஏதோ பஸ்ஸைப் பிடிக்கப் போகிறவன் மாதிரி நிதானமாக ஓடுவான். மற்ற ஓட்டக்காரர்கள் அப்புறம் மதுக்கடையில் உட்கார்ந்து நாள் முழுக்கத் தங்கள் ஓட்டத்தைச் சொல்லுவார்கள். அவன் முட்டையும் சாசேஜும் தின்றுவிட்டு மிளகாய் உரிக்கப் போய்விடுவான். அவன் ஓட்டத்தையும் அவர்களே சொல்லுவார்கள்.

ஓடத் தெரியாத எனக்கும் ஊர் ஒரு வேலை கொடுத்திருந்தது. எங்கள் ஊர்ப் பிள்ளைகள் நடக்கக் கற்கும்போதே இதையும் கற்றுக்கொள்கிறார்கள்: ஓட்டத்தில் விழுந்தால் எழக்கூடாது. குப்புறப் படுத்து, கைகளைப் பிடரியில் கோத்துக்கொண்டு, கல்லாகக் கிடக்க வேண்டும். கிடப்பவனைக் காளை பெரும்பாலும் தாண்டிப் போய்விடும். எழுகிறவனைத்தான் கொம்பு தேடி வரும். சரி, முகத்தைத் தரையில் புதைத்துக் கிடப்பவனுக்குக் காளைகள் போய்விட்டன என்று எப்படித் தெரியும்? கூச்சலை வைத்து எதுவும் சொல்ல முடியாது, கூச்சல் எப்போதும் இருக்கிறது. அதற்காகத் தெருவின் ஒவ்வொரு திருப்பத்திலும் இரட்டை மர வேலிகளுக்கு நடுவே பச்சைப் பட்டை கட்டிய ஓர் ஆள் நிற்பார். தெரு காலியானதும் வேலிக்கு அடியில் நுழைந்து வந்து, விழுந்தவன் முதுகில் இரண்டு தட்டுத் தட்டுவார். எழுந்திரு, ஆபத்து போய்விட்டது என்று அர்த்தம்.

என் கடைத் திருப்பத்துக்குத் தட்டுகிறவன் நான். வேலி போடும் தச்சர்களுக்கு வருடா வருடம் கச்சை இனாமாகக் கொடுத்துத்தான் அந்தப் பதவியைப் பிடித்தேன். ஆனால் பிடித்த பிறகு ஒழுங்காகச் செய்தேன். என் கை பட்டு எழுந்த ஒருவருக்கும் கீறல்கூட விழுந்ததில்லை. முதுகில் தட்டுவதற்கு என்று ஒரு போட்டி வைத்தால் நான் கோப்பை வாங்கியிருப்பேன். வைக்கமாட்டார்கள்.

எனக்கு வேண்டியிருந்தது அந்தக் கோப்பை இல்லை, ராக்கெட்.

திருவிழாத் தொடக்க நாளின் நண்பகலில் நகர மண்டபத்து மாடத்தில் நின்று ஒருவர் ராக்கெட் கொளுத்துவார். கீழே சதுக்கம் முழுக்க மக்கள். "மரியே வாழ்க" என்று அவர் கத்த வேண்டும், ஊர் பதிலுக்குக் கத்தும், திரி பற்றும், அவ்வளவுதான். அந்த ஒரு நிமிடத்துக்காகத்தான் ஊரில் பாதிப்பேர் ஒழுக்கமாக இருக்கிறார்கள். அடுத்த வருடம் யார் கொளுத்துவது என்பதை விழாவின் இரண்டாம் நாள் மதியச் சாப்பாட்டில், விழாச் சங்கத்தார் கைதூக்கி முடிவு செய்வார்கள். நான் பல வருடங்களாக எதிர்பார்த்திருந்தேன். என் கடை ஊரின் பழைய கடை. சங்கக் கொடிகளுக்கு நான்தான் துணி. மேயரின் கால்சட்டையை மூன்று தடவை இலவசமாக அகலப்படுத்தியிருக்கிறேன். இனி என்ன செய்ய வேண்டும் ஒரு மனிதன்?

போன விழாவில், சதுக்கத்தில் பந்தலுக்கு அடியில் நீள மேசைகள் போட்டு, மாட்டுக்கறிக் குழம்பு பரிமாறிக்கொண்டிருந்தபோது சோய்லோ எழுந்தான். மதுக்கடை வைத்திருக்கிறவன், சங்கத் தலைவனும் அவனே.

"அடுத்த வருஷ ராக்கெட் யாருக்கு? சட்டுனு சொல்லுங்கப்பா, குழம்பு ஆறுது."

மூன்று மேசைகளிலிருந்து ஒரே குரலாக லியாந்த்ரோ பெயர் வந்தது. எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த லியாந்த்ரோ ரொட்டித் துண்டைக் கையில் பிடித்தபடி எழுந்தான்.

"எனக்கு எதுக்குய்யா அதெல்லாம்? எலாடியோவுக்குக் குடுங்க. எத்தனை வருஷமா ஏங்கிக் கெடக்கான், பாவம். கடைக்குப் பின்னாடி ரூம்ல தொடப்பத்தைப் பிடிச்சுக்கிட்டு ஒத்திகை பார்க்கிறானாம். எதுர்னேதான் சொன்னா."

எதுர்னே என் மனைவி. எதிர் வரிசையில் உட்கார்ந்து தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தொடப்பத்துல திரி எந்தப் பக்கம், எலாடியோ அண்ணே?" என்றான் சோய்லோ.

"மரியே வாழ்கன்னு இவர் கத்துனதும் பக்கத்து வீட்டு நாய் பதில் சொல்லுதாமே?" என்று கடைசி மேசையிலிருந்து ஒரு குரல். "அப்ப அந்த நாயையும் மாடத்துல ஏத்துங்கப்பா. பாவம், அதுவும் ஒத்திகைக்கு ஒழுங்கா வந்திருக்கு."

பந்தல் ஆடுகிற மாதிரி சிரித்தார்கள். நானும் சிரித்தேன். "நாய் சரியாத்தான் கத்துச்சு. தொடப்பம்தான் கடைசி வரைக்கும் பத்தவே இல்ல" என்றேன். அதற்கும் சிரிப்பு. தொழிலில் வளர்ந்தவன் அம்மணி, நஷ்டத்துக்கு விற்றாலும் முகத்தில் லாபம் காட்டத் தெரியும்.

லியாந்த்ரோ மட்டும் சிரிக்கவில்லை. என் காதருகே குனிந்தான். "நான் நெஜமாத்தான்டா சொன்னேன். இவனுங்க கேலி பண்ணுவானுங்கன்னு தெரியாது. நீ எடுத்துக்க."

"சேச்சே. உனக்குத்தான்டா பொருத்தம்" என்றேன்.

கை தூக்கினார்கள். நானும் தூக்கினேன். யாரோ ஒருவர் எண்ணிக்கை பார்க்காமலேயே கைதட்ட ஆரம்பித்துவிட்டார்.

இதைக் கவனியுங்கள். கேலி செய்தவர்கள் மேல் எனக்கு அன்றும் கோபம் இல்லை, இன்றும் இல்லை. கேலி ஒரு கொடுக்கல் வாங்கல், நாளைக்கு நான் திருப்பிக் கொடுப்பேன். லியாந்த்ரோ காட்டியது இரக்கம். அதைத் திருப்பிக் கொடுக்க வழியே கிடையாது. வீட்டுக்கு வரும் வழியில் எதுர்னே, "அவர் நல்ல மனசோடதான் சொன்னாரு" என்றாள். "தெரியும்" என்றேன். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை என்று இருபத்தாறு வருடம் கூட இருந்தவளுக்கும் புரியவைக்க முடியாது.

மறுநாள் காலை தெருவைக் கழுவிவிட்டிருந்தார்கள். கல் பாவிய தரை பளபளவென்று ஈரமாக இருந்தது. காளை ஓட்டத்துக்கான முதல் ராக்கெட் வெடித்தது, கொட்டடிக் கதவு திறந்துவிட்டது. இரண்டாவது வெடித்தது, எல்லாக் காளைகளும் தெருவுக்கு வந்துவிட்டன. எல்லாம் திடலுக்குள் போய் அடைந்த பிறகுதான் மூன்றாவது வெடிக்கும். நான் பச்சைப் பட்டையோடு வேலிகளுக்கு நடுவில் நின்றேன். காற்றில் காபி வாசனையும் சாணி வாசனையும் வந்தன. மனதில் எந்தத் திட்டமும் இல்லை. இதை நீங்கள் நம்ப வேண்டும். வயிற்றில் கொஞ்சம் எரிச்சல் மட்டும் இருந்தது, அது குழம்பு.

லியாந்த்ரோ வந்தான். அவனுக்குப் பின்னால் கொம்புகள், மணி கட்டிய எருதுகள், கறுப்பு முதுகுகள் எல்லாம் ஒரே திரளாக வந்தன. என் கடைக்கு நேரே, கைபேசியில் தன்னையே படம் எடுத்துக்கொண்டிருந்த வெளியூர்க்காரன் ஒருவன் குறுக்கே விழுந்தான். அவன் மேல் இடறாமல் இருக்க லியாந்த்ரோ விலகினான், சறுக்கி, வேலிக்கு அடியில் வந்து விழுந்தான். விழுந்த அந்தக் கணமே குப்புறக் கவிழ்ந்து கைகளைப் பிடரியில் கோத்துக்கொண்டான். பிள்ளைகளுக்குக் காட்டுவதற்குப் படம் எடுத்து மாட்டலாம், அப்படிக் கிடந்தான். திரள் அவனைத் தாண்டிப் போனது. வெளியூர்க்காரனை யாரோ வேலிக்குள் இழுத்துக்கொண்டார்கள்.

நான் எண்ணினேன். துணி அளக்கிறவன் கண்ணுக்கு எண்ணிக்கை தப்பாது. ஆறில் ஐந்து காளைகள்தான் போயிருந்தன.

ஆறாவது எங்கே என்று தெருவின் மேல்பக்கம் பார்த்தேன். மருந்துக்கடைப் பக்கம் அது சறுக்கி விழுந்து அப்போதுதான் எழுந்து நின்றது. கூட்டத்தை விட்டுவிட்டது. கூட்டத்தோடு ஓடும் காளை ரயிலைப் பிடிக்கப் போகிற ஆள் மாதிரி, வழியில் யாரையும் பார்க்காது. தனியாகிவிட்ட காளை கடைத்தெருவுக்கு வந்த ஆள் மாதிரி. ஒவ்வொன்றாக நின்று பார்க்கும், அசைகிற எதையும் விசாரிக்காமல் விடாது. இது எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். லியாந்த்ரோவுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அவனுக்குத் தெரியாதது ஒன்றுதான், அந்தக் காளை அங்கே நிற்கிறது என்பது. கோலோடு வரும் மேய்ப்பர்கள் இன்னும் திருப்பத்துக்கு வந்துசேரவில்லை. மூன்றாவது ராக்கெட்டும் வெடிக்கவில்லை. தரையில் காதை அமுக்கிக் கிடப்பவன் அதை எண்ணிக்கொண்டிருக்க மாட்டான். எண்ண வேண்டியது என் வேலை.

நான் கீழ்ச் சட்டத்துக்கு அடியில் நுழைந்து தெருவுக்கு வந்தேன்.

"யாரு, எலாடியோவா?" என்றான், தலையைத் தூக்காமல்.

"நான்தான்."

"எல்லாம் போயிடுச்சா?"

"போயிடுச்சு."

முதுகில் இரண்டு தட்டுத் தட்டினேன். மெதுவாக, வழக்கம்போல. என் கை நடுங்கியதா என்று கேட்பீர்கள். சாயம் போகுமா என்று கேட்கிறவரிடம் போகாது என்று சொல்லும்போது என் கை எப்போதாவது நடுங்கியிருக்கிறதா?

எழுந்தான். கொலைகாரர்களில் நான் எந்தத் தரம் என்று இந்த இடத்தில் தெரிந்துகொள்வீர்கள். தட்டிவிட்டு உடனே வேலிக்குள் போய்விடலாம் என்றிருந்தேன். மூட்டு நிமிரமாட்டேன் என்றுவிட்டது. இத்தனை வருடம் பொய்க்குச் சொல்லிவந்த மூட்டு, அன்றைக்கு மெய்யாகவே பிடித்துக்கொண்டது. ஈரக் கல்லின் மேல் மண்டியிட்டபடி, வேலிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, தெருவிலேயே இருந்தேன். காளை எங்கள் இருவரையும் பார்த்துவிட்டது.

லியாந்த்ரோ திரும்பினான். அதைப் பார்த்தான். என்னையும் பார்த்தான். அவன் மறுபடி கீழே விழுந்து கிடந்திருக்கலாம். வேலிமேல் தாவியிருக்கலாம், அவன் கால்களுக்கு அது ஒரு மாடிப்படி. அவன் கை இரண்டும் என் மார்பின் மேல் பட்டன. நான் சட்டத்துக்கு அடியில் மூட்டை மாதிரி உருண்டு உள்ளே போனேன். அதற்குள் காளை வந்துசேர்ந்தது.

அவன் தொடையில்தான் கொம்பு பட்டது. மேல் தொடை. மேய்ப்பர்கள் வந்து காளையைத் திருப்பிக்கொண்டு போனார்கள். மூன்றாவது ராக்கெட் வெடித்தபோது மருத்துவர் அவன் முகத்தின் மேல் துணியைப் போட்டுக்கொண்டிருந்தார். மட்டமான பருத்தி, என் கடைச் சரக்கு இல்லை.

இதற்குப் பிறகு ஊர் செய்ததைக் கேளுங்கள். எதிர்மாடியிலிருந்து ஒருவன் படம் எடுத்திருந்தான். நீட்டிய இரண்டு கைகள், அந்தரத்தில் நான், பின்னால் கொம்பு. மாலைக்குள் கதை தயாராகிவிட்டது. விழுந்துகிடந்த நண்பனைக் காக்க எலாடியோ தெருவில் இறங்கினான். ஆறாவது காளை வருவதை அறிந்த லியாந்த்ரோ எழுந்து, தன் உயிரைக் கொடுத்து எலாடியோவைக் காத்தான். தட்டியதை யாரும் பார்க்கவில்லை. பார்த்த இரண்டு மூன்று பேரும், தட்டுகிறவன் தட்டினான், அதில் பார்க்க என்ன இருக்கிறது என்று விட்டுவிட்டார்கள்.

அடுத்த வருட ராக்கெட்டை அவன் மகள் கொளுத்துவாள் என்று முடிவானது. இனிமேல் யார் கொளுத்தினாலும் "மரியே வாழ்க" என்பதோடு "லியாந்த்ரோ வாழ்க" என்றும் சொல்ல வேண்டும் என்று தீர்மானம். அதற்கும் கை தூக்கினேன். ஊரிலேயே முதலாவதாகத் தூக்கிய கை என்னுடையது, என்னைத்தான் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சரி, அதோடு விட்டார்களா? சோய்லோ கடைக்குப் போய் ஒரு கிண்ணம் பச்சரான் மது ஊற்றச் சொன்னேன். அவன் புட்டியை எடுக்கவில்லை.

"அண்ணே, உங்க ஈரலுக்கு ஒரு மனுஷன் உயிரைக் குடுத்திருக்கான். சாமந்தி டீ போட்டுத் தரேன், குடிச்சிட்டுப் போங்க."

"ஒரு வாய்தான்டா."

"நான் ஊத்தமாட்டேன். ஊர் என்னை உதைக்கும்."

தெருவில் சிகரெட் பற்றவைத்தால் முன்பின் தெரியாத கிழவிகள் வாயிலிருந்து பிடுங்குகிறார்கள். படியில் ஏறினால் இரண்டு பேர் கையைப் பிடிக்கிறார்கள். நான் இருமினால் கடையில் இருக்கிறவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்க்கிறார்கள். அவனுக்கு ஒரு சிலை வைத்திருந்தால்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். என்னையே சிலையாக வைத்துவிட்டார்கள். நான் நடக்கிறேன், தின்கிறேன், மூச்சுவிடுகிறேன், எல்லாம் லியாந்த்ரோவின் பெருமை.

அமாயா சனிக்கிழமை தோறும் வருகிறாள். அவன் மனைவி. மிளகாய் அடுப்பை இப்போது அவள்தான் பார்த்துக்கொள்கிறாள். ஒரு ஜாடியைக் கல்லாமேசை மேல் வைப்பாள்.

"ஒழுங்காச் சாப்பிடறீங்களா அண்ணே?"

"சாப்பிடறேன்மா."

"உங்களை நல்லபடியாப் பார்த்தாத்தான் அவரு வீணாப் போகலைன்னு மனசு ஆறுது. வாரத்துக்கு ஒரு தடவை பார்த்துட்டுப் போறேன், தப்பா எடுத்துக்காதீங்க."

"எப்ப வேணும்னாலும் வாம்மா" என்பேன்.

நீங்கள் நினைப்பது எனக்குத் தெரியும். அவள் முகத்தைப் பார்த்து மனசாட்சி குத்தி இங்கே வந்து சொல்கிறேன் என்று நினைக்கிறீர்கள். அப்படியில்லை. மிளகாய் நன்றாகச் சுட்டிருக்கிறது, ஒரு ஜாடியையும் மிச்சம் வைத்ததில்லை. நான் சந்தையில் வளர்ந்தவன். பெட்டிக்குள் யாருடைய சரக்கோ அவர் பெயர்தான் வெளியே ஒட்டியிருக்க வேண்டும், எனக்குத் தெரிந்த ஒரே ஒழுக்கம் இதுதான். நான் எண்ணினேன். ஆறாவது காளை வருவது எனக்குத் தெரியும். போய்விட்டது என்று சொன்னது நான், தட்டியது நான். லியாந்த்ரோவைக் கொன்றது நான், தெரிந்தே, தெளிவாக. அவன் அந்தக் காலையில் எதுவுமே செய்யவில்லை. நான் எழச் சொன்னேன், எழுந்தான், அவ்வளவுதான். ஊர் இத்தனை மாதமாக என் சரக்கை அவன் பெயரில் விற்றுக்கொண்டிருக்கிறது.

படத்தைக் காட்டுகிறீர்கள். வேண்டாம், பார்த்திருக்கிறேன். அவசரமாக எழுகிறவன் தடுமாறுவான், தடுமாறுகிறவன் கைக்கு எட்டியதைப் பிடிப்பான், எட்டியது நான். கொஞ்ச நாள் என் மார்பில் இரண்டு உள்ளங்கை அளவுக்குக் கன்றிப்போயிருந்தது, அதனால் என்ன. எதுர்னே அதைப் பார்த்து அழுதாள். பிடிக்கிற கை இப்படிப் பதியாது என்றாள். அவளுக்கு எதற்கெடுத்தாலும் அழுகை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. அந்தக் கூச்சலில் வேறு யாருக்கும் கேட்டிருக்க முடியாது. இரண்டு கையையும் என் மார்பில் வைத்தபோது அவன் வாய் திறந்து ஒன்று சொன்னான். "உள்ள போடா குண்டா, மாடு வருது" என்றான். எழுதிக்கொள்ளுங்கள், அம்மணி, அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். சாகப்போகிற நேரத்தில்கூட ஒரு மனிதனைக் குண்டன் என்று ஏசிவிட்டுப் போகிறவனுக்கா பதக்கம்?